கடைசி அத்தியாயம் என் பங்கு

எங்கள் மேஜர் புத்தகத்தைக் கறி மாதிரி வெட்டிப் பங்கு போடுவார். முதுகுத் தையலில் கத்தியை வைத்து ஒரே இழுப்பு. அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து ஆளுக்கு ஒன்றைக் கையில் திணித்து, "படிச்சிட்டு வந்து சொல்லணும்" என்பார். பேச்சுக்கே இடம் கிடையாது.

எல்லாம் எங்கள் தொழில் சம்பந்தப்பட்ட புத்தகங்கள்தான். எதிரி வீட்டுக்குள் நுழைவது எப்படி, பிடிபட்டவர்களை மீட்பது எப்படி, எந்தப் படை எங்கே கோட்டைவிட்டது என்று உலகத்துச் சண்டையெல்லாம் அதில் இருக்கும். அவற்றுக்கு ஒரு பட்டியல் போட்டு, மேலே சிவப்பு மையில் "படித்தே ஆக வேண்டியவை" என்று எழுதிச் சாப்பாட்டு அறைக் கதவில் ஒட்டியிருந்தார். அதன் கீழே எவனோ பென்சிலால் "செத்தே ஆக வேண்டியவர்கள்" என்று எழுதி எங்கள் பெயர்களைப் போட்டிருந்தான். மேஜர் அதை அழிக்கவில்லை. எழுதியவன் யார் என்றும் கேட்கவில்லை.

கிழிப்பதற்குக் காரணம் இருந்தது. முழுப் புத்தகம் படிக்க எங்களில் எவனுக்கும் நேரமோ பொறுமையோ கிடையாது. ஒருவன் தன் அத்தியாயத்தைப் படித்தால் போதும், மற்றதைக் காதால் வாங்கிக்கொள்ளலாம். கேட்பதற்கும் ஒரு முறை வைத்திருந்தார். வண்டி ஷெட்டில் எல்லோரும் இருக்கும்போது சொல்பவன் எழுந்து "என் பங்கு" என்று குரல் கொடுப்பான். அந்தச் சொல் காதில் விழுந்தால் துப்பாக்கி துடைப்பவன் துடைப்பதை நிறுத்த வேண்டும். சிகரெட் பிடிப்பவன் அணைக்க வேண்டும். ஒருவனும் அசையக் கூடாது. அசைந்தால் நாக்குத் தள்ளும்வரை மைதானத்தைச் சுற்ற வேண்டியதுதான். வருஷக்கணக்கில் அப்படியே பழகி, அது மூளையைக் கேட்காமல் உடம்பு தானாகச் செய்கிற காரியமாகிவிட்டது. கழிவறையில் உட்கார்ந்திருப்பவன்கூட அந்தச் சத்தம் கேட்டால் பாதியில் நிறுத்திவிடுவான் என்று எங்களுக்குள் கேலி உண்டு.

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் பங்கு வந்தால் அட்டைப் படத்திலிருந்து ஆரம்பிப்பேன். கேட்பவர்கள் நெளிவார்கள். என் மச்சான் மட்டும் வாய்விட்டே சொல்வார்: "சுருக்கமா சொல்லு, மாப்ள."

அவர் என் மனைவியின் அண்ணன். அணியில் முதல் ஆள். கதவு உடைந்தால் உள்ளே போகிற முதல் கால் அவருடையது, பறக்கிற முதல் கைக்குண்டும் அவருடையதுதான். தன் தங்கைக்கு என்னைப் பார்த்து முடித்ததும் அவர்தான். "வாய்தான் கொஞ்சம் நீளம், மத்தபடி தங்கமான பையன்" என்று வீட்டில் சிபாரிசு செய்தாராம். அந்த முதல் பாதியை அவர் கடைசிவரை வாபஸ் வாங்கவில்லை.

கடைசியாகக் கிழித்த புத்தகம், இப்படி வீடு புகுந்து தாக்குவதிலேயே தலை நரைத்த ஒரு படைத் தலைவர் ஓய்வுக்குப் பிறகு எழுதியது. எங்களிடம் ஒருவன் இருந்தான், படையில் சேருமுன் தச்சுவேலை பார்த்தவன். இன்னமும் அவன் தச்சன்தான் எங்களுக்கு. குரல்களைப் பற்றிய அத்தியாயம் அவனுக்கு விழுந்தது. உள்ளே இருந்து எவன் கூப்பிட்டாலும் நம்பாதே, உன்னை இழுத்துச் சுட நம்மாள் குரலிலேயே கத்துவான் என்பது அதன் சாரம். நேரம் பற்றிய அத்தியாயம் மேஜருக்கு: மதியச் சாப்பாட்டு வேளையில் போ, காவல்காரன் கையில் துப்பாக்கிக்குப் பதில் தட்டு இருக்கும். மச்சானுக்கு இரண்டாவது அறை, அதாவது உள் அறையைப் பற்றியது. அவர் அதை எழுந்து நின்று சொன்னது அப்படியே காதில் இருக்கிறது.

"என் பங்கு. தப்பிக்கிறவன் எப்பவும் உள் ரூமுக்குத்தான் ஓடுவான். வழியில நிக்காத. பக்கத்துல இருக்கிற கதவு, திரையெல்லாம் உனக்குப் பின்னாடி வர்றவன் பார்த்துப்பான். நீ நேரா உள் ரூம் வாசலுக்குப் போ. முதல்ல குண்டு போகட்டும், அப்புறம் நீ போ. முடிஞ்சுது." என்னைப் பார்த்துக் கண்ணடித்துவிட்டு உட்கார்ந்தார். "பார்த்தியா, இவ்வளவுதான் விஷயம்."

கடைசி அத்தியாயம் எனக்கு. தலைப்பு, "நாங்கள் கொன்றவர்." அந்த மனிதர் அதுவரை சொன்னதையெல்லாம் அந்த அத்தியாயத்தில் தானே கவிழ்த்துவிட்டார். ஒரு வீட்டில் அவர் இரண்டாவது அறைக்குள் குண்டை எறிகிறார். உள்ளே இருந்தது அவர்கள் மீட்கப் போன ஆள். கைதி இருக்கிற வீட்டில் எல்லாம் தலைகீழ் என்கிறார். ஜன்னல் இல்லாத உள் அறையில் கைதியைப் பூட்டிவிட்டு, துப்பாக்கிக்காரர்கள் தண்ணீரும் டீயும் இருக்கிற இடத்தில், அதாவது சமையல்கட்டில் உட்கார்ந்திருப்பார்கள். நீ அதைத் தாண்டி ஓடுவாய், அவன் உன் முதுகில் சுடுவான்.

மறுநாள் சாயங்காலம் நான் அதைச் சொல்வதாக இருந்தது. காலையில் வேவு பார்க்கக் கிளம்பினோம்.

ரொட்டி வண்டியில் நானும் டிரைவர் அண்ணனும். தரை ஓடு விற்கிற கடை ஒன்று, மூடிக் கிடந்தது, அதன் மாடி வீடுதான் எங்கள் குறி. அந்தத் தெருவில் இரண்டாவது முறை திரும்பியிருக்கக் கூடாது. ஒரு மோட்டார் சைக்கிள் குறுக்கே விழுந்தது. "குனிடா!" என்று அண்ணன் என் தலையைப் பிடித்து அழுத்தினார். அழுத்திய கை அப்படியே தளர்ந்தது. கண்ணாடி வழியாக வந்த குண்டு அவர் தொண்டையைப் பிய்த்திருந்தது. பின்னால் அடுக்கியிருந்த ரொட்டியெல்லாம் ரத்தம். நான் கதவை உதைத்துத் திறந்து எதிரே வந்த ஒருவனின் நெஞ்சில் சுட்டேன். விழுந்தான். இரண்டாவது ஆளைச் சுடுவதற்குள் பின்மண்டையில் அடி விழுந்தது.

கண் விழித்தபோது அதே மாடி வீட்டின் உள் அறையில் இருந்தேன். ஜன்னல் இல்லை. கைகள் நைலான் கயிற்றால் தண்ணீர்க் குழாயோடு கட்டப்பட்டிருந்தன. தரையில் உட்காரலாம், காலை நீட்டலாம், அவ்வளவுதான். என் எதிரே மூக்குக்கண்ணாடி போட்ட ஒருவன் நாற்காலியில் உட்கார்ந்து, என் பையிலிருந்து எடுத்த அத்தியாயத்தைப் படித்துக்கொண்டிருந்தான். அவன்தான் அவர்களின் தலைவன்.

"மீதி எங்க?" என்றான்.

"கிழிச்சுப் பங்கு போட்டுட்டோம்."

"எதுக்கு?"

"படிக்கத்தான்."

கண்ணாடிக்காரன் பெருமூச்சு விட்டான். "இவன் நம்மளக் கேனையன்னு நினைச்சுட்டான்" என்று பக்கத்தில் நின்றவனிடம் சொன்னான். பக்கத்தில் நின்றவனுக்கு ஓயாத தும்மல். தும்மிக்கொண்டே கொறடு எடுத்து வந்தான். அவர்கள் அதை ரகசியக் குறியீடு என்று நினைத்துவிட்டார்கள். மற்ற பக்கங்கள் யாரிடம், எந்த எழுத்துக்கு என்ன அர்த்தம் என்று கேட்டுக் கேட்டு இடது கால் நகங்களைப் பிடுங்கினார்கள். நான் சத்தியத்தை மட்டுமே சொன்னேன். வாழ்நாளில் அவ்வளவு சுருக்கமாக நான் பேசியதே இல்லை, ஒருத்தனும் நம்பவில்லை. வலியில் நான் அலறியது எனக்கே வேறு யாரோ அலறுவது போல் கேட்டது. நடுவில் தும்மல்காரன் தும்மிவிட்டு "மன்னிச்சுக்கோ" என்றான். கை தவறிச் சதையையும் சேர்த்துக் கிள்ளியிருந்தான்.

பிறகு கண்ணாடிக்காரனுக்கு அலுத்துவிட்டது. அந்தப் பக்கங்களைத் தும்மல்காரனிடம் கொடுத்தான். அவன் அதை முறுக்கி எடுத்துக்கொண்டு வெளியே போனான். கதவு திறந்திருந்ததால் பார்த்தேன். நடைவழியின் பக்கத்தில் ஒரு திரை தொங்கியது, பழுப்பு நிறம், பார்த்தால் சுவரில் பதித்த அலமாரி என்றுதான் தோன்றும். அதை விலக்கினால் சமையல்கட்டு. என் அத்தியாயத்தை வைத்து அடுப்புப் பற்றவைத்தான்.

"உன்னைத் தேடி ஒருத்தனும் வரமாட்டான்" என்றான் கண்ணாடிக்காரன் எழுந்துகொண்டே. "நீ சுட்டியே என் ஆளு, அவனுக்கு உன் சட்டை, வாட்ச் எல்லாம் மாட்டி, உன் டிரைவரோட சேர்த்து வண்டிய எரிச்சாச்சு. நீ கரிக்கட்டை. உன் பொண்டாட்டி இந்நேரம் அழுது முடிச்சிருப்பா. நாம நிதானமா பேசலாம்."

அவன் போன பிறகு என் மனைவியை நினைத்து அழுதேன். வெட்கமில்லாமல், மூக்கு ஒழுக ஒழுக அழுதேன். அழுது ஓய்ந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. இவன் தப்புக் கணக்குப் போட்டுவிட்டான். தேடித்தான் வரமாட்டார்கள், பழிவாங்க வருவார்கள். வீடு எதுவென்று அவர்களுக்குத் தெரியும். மச்சான் முன்னால் வருவார், என்னைக் கொன்றவர்களைக் கொல்ல. மதியச் சாப்பாட்டு வேளையில் வருவார். நேராக இந்த அறை வாசலுக்கு வந்து, உள்ளே யார் என்று பார்க்காமல் குண்டை எறிவார். ஏனென்றால் அவர் படித்தது அவ்வளவுதான். மீதி இங்கே அடுப்பில் சாம்பலாகிவிட்டது, இல்லையென்றால் என் மண்டையில் இருக்கிறது.

கத்தலாம். கத்தினால் தச்சன் நம்பவிடமாட்டான். செத்தவன் குரல் வேறு!

அதன்பின் ஒவ்வொரு மதியமும் எனக்கு நரகம். தட்டுச் சத்தம் கேட்டால் உடம்பு விறைக்கும். அவர்கள் சமையல்கட்டில் சிரித்துப் பேசிச் சாப்பிடுவார்கள், நான் மாடிப்படியில் பூட்ஸ் சத்தத்தைத் தேடிக்கொண்டிருப்பேன். வர வேண்டும் என்றும் கும்பிட்டேன், வரக் கூடாது என்றும் கும்பிட்டேன். தட்டுக் கழுவுகிற சத்தம் கேட்டால்தான் மூச்சு வரும். அதற்குப் பிறகு கொறடு வரும். கொறடே தேவலை என்று தோன்றிய மதியங்கள் உண்டு.

எங்கள் ஆட்கள் வந்த மதியம் தும்மல்காரன் எனக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தான்.

படிக்கட்டுக் கதவு வெடித்தது. சுவர் குலுங்கி மேலிருந்து சுண்ணாம்பு கொட்டியது. முன்னறையில் சீட்டு விளையாடிக்கொண்டிருந்த இரண்டு பேர் கத்தினார்கள். கத்தல் பாதியில் அறுந்தது, ஒருவனுடைய உடம்பு நாற்காலியோடு சரிகிற சத்தம் கேட்டது. மற்றவன் "அம்மா, அம்மா" என்று ஊர்ந்தான், இன்னொரு தோட்டா அதையும் நிறுத்தியது. சமையல்கட்டிலிருந்து சத்தமே இல்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. கண்ணாடிக்காரன் அங்கேதான் இருந்தான், இன்னொருத்தனோடு. தட்டைக் கீழே வைத்துவிட்டு, திரைக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள்.

நடைவழியில் பூட்ஸ் சத்தம். அந்த நடை எனக்குத் தெரியும். வலது காலை ஒரு இழுப்பு இழுத்து ஓடுவார்.

"மச்சான்! நான்தான்! உயிரோட இருக்கேன்!" என்று கத்தினேன்.

சத்தம் நின்றது. உடனே தச்சனின் குரல்: "நம்பாதீங்கண்ணே! இழுக்கிறானுங்க! செத்தவன் எப்படிப் பேசுவான்?"

தும்மல்காரன் துப்பாக்கியை மூடிய கதவுக்கு நேராக நீட்டினான். கதவுக்கு அந்தப் பக்கம் கைக்குண்டின் பின்னை உருவுகிற சத்தம் கேட்டது. சின்னச் சத்தம்தான். பிடித்திருக்கும் விரல் தளர்ந்தால் வெடிப்பு. கதவை உதைப்பார், எறிவார், நான் செத்தேன். என் மச்சான் கையால், என்னை நினைத்து அழுதுகொண்டே என்னைக் கொல்வார். வேறு எதுவும் எனக்குத் தோன்றவில்லை. நெஞ்சில் இருந்த காற்று முழுவதையும் கூட்டிக் கத்தினேன்.

"என் பங்கு!"

எல்லாம் நின்றது. வீடே நின்றது. நடைவழியில் ஒரு காலும் அசையவில்லை. வெளியாள் எவனுக்கும் அந்தச் சொல் தெரியாது. எத்தனை வருஷத்துப் பழக்கம்! உதைக்கத் தூக்கிய கால் கீழே இறங்கிய சத்தம் எனக்குக் கேட்டது.

"கடைசி அத்தியாயம்! நாங்கள் கொன்றவர்! இது கைதி இருக்கிற வீட்டைப் பத்தினது! ரெண்டாவது ரூம்ல எறியக் கூடாது, ஏன்னா அங்கதான் கைதி..."

கதவுக்கு அந்தப் பக்கம் ஒரு விக்கல் மாதிரிச் சத்தம் வந்தது. அழுகிறாரா சிரிக்கிறாரா தெரியவில்லை.

"சுருக்கமா சொல்லு, மாப்ள" என்றார் மச்சான்.

அந்த மூன்று சொற்களைக் கேட்டதும் எனக்கு உயிர் வந்தது. மனைவியைப் பார்த்துவிடுவேன், வீட்டுக்குப் போய்விடுவேன் என்று நினைத்தேன். அந்தச் சந்தோஷத்தில் ஒரு கணம் போய்விட்டது. சமையல்கட்டு என்று சொல்ல வாயைத் திறந்தேன். தும்மல்காரன் திரும்பித் துப்பாக்கிக் கட்டையால் வாயிலேயே குத்தினான். முன்பற்கள் உள்ளே போயின. சொல்லும் கூடவே போனது.

அப்போது சுட்டார்கள். திரைக்குப் பின்னாலிருந்து, மிகக் கிட்டத்தில். தச்சன் பிறகு என்னிடம் சொன்னான், திரையை விலக்க அவன் கை நீண்டிருந்ததாம். "என் பங்கு" என்றதும் கை அப்படியே நின்றுவிட்டதாம், முகம் என் குரல் பக்கம் திரும்பிவிட்டதாம். முதல் குண்டு அவன் தோளில். அடுத்தவை எல்லாம் மச்சானின் முதுகில். அவர் உடம்பு என் கதவில் மோதியது, கதவு விரிந்து திறந்தது. வாசலில் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். வாயில் ரத்தம். வலது கையில் குண்டு, விரல்கள் இறுக்கிப் பிடித்திருந்தன. அதைப் பார்த்த தும்மல்காரன் சுடாமல் சுவரோடு ஒட்டிக்கொண்டான். என்னைப் பார்த்தார்.

நான் பல்லையும் ரத்தத்தையும் துப்பினேன். "சமையல்கட்டு" என்றேன். அது சொல்லாகவே வரவில்லை. ஆனால் அவருக்குப் புரிந்தது.

"அத முதல்ல சொல்றதுக்கு என்னடா" என்றார்.

கோபமாகச் சொல்லவில்லை. ஷெட்டில் சொல்கிற அதே தொனிதான். பிறகு திரும்பினார். என் வாசலில் விழுந்திருந்தால் குண்டு என் காலடியில் உருண்டிருக்கும். அவர் விழவில்லை. சுவரில் தோளைத் தேய்த்துக்கொண்டு, காலை இழுத்து இழுத்து, சுடுகிற துப்பாக்கிகளை நோக்கியே போனார். திரை வளையங்கள் கம்பியில் கிறீச்சிட்டன. கண்ணாடிக்காரன் "வேணாம், வேணாம்" என்று அலறினான். அதன்பின் வெடித்தது.

அந்த அதிர்வில் தும்மல்காரன் துப்பாக்கியை நழுவவிட்டுத் தடுமாறி என் மேல் சாய்ந்தான். இரண்டு கால்களாலும் அவன் கழுத்தைச் சுற்றிப் பிடித்து இறுக்கினேன். நகமில்லாத கால்விரல்கள் அவன் முதுகில் உரசி உயிர் போனது. விடவில்லை. அவன் என் தொடையைக் கடித்தான், நகத்தால் கிழித்தான், அப்போதும் விடவில்லை. அழுதுகொண்டே இறுக்கினேன். தச்சன் ஒற்றைக் கையில் துப்பாக்கியோடு உள்ளே வந்தபோது தும்மல்காரன் செத்து நேரமாகியிருந்தது. "விடுண்ணே, போயிட்டான், விடு" என்று அவன் கெஞ்சிய பிறகுதான் கால்கள் பிரிந்தன.

சமையல்கட்டில் மூன்று பேர் கிடந்தார்கள் என்று சொன்னார்கள். எது யார் என்று பிரிப்பது கஷ்டமாக இருந்ததாம். மச்சானை அந்தப் பழுப்புத் திரையிலேயே சுற்றிக் கீழே இறக்கினார்கள்.

ஆஸ்பத்திரிக்கு மேஜர் வந்தார். கட்டிலருகே நின்றார், உட்காரவில்லை. "நீ சொல்லாம மிச்சம் வச்சது என்னன்னு நான் முழுப் புத்தகம் ஒண்ணு வாங்கிப் படிச்சேன்" என்றார். "முதல்லயே ரெண்டா வாங்கியிருக்கலாம்." அவர் முகத்தில் ஈயாடவில்லை. நான் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். அவரைத் திட்ட வாயில் பல் இல்லை, இருந்தாலும் என்ன சொல்லித் திட்டுவது?

என் மனைவி தினமும் வந்தாள். ஒரே நாளில் செத்த புருஷன் திரும்பி வந்தான், இருந்த அண்ணன் போனான். எதற்கு அழுவது என்று தெரியாமல் அவள் அழவே இல்லை. எனக்குக் கஞ்சி ஊட்டுவாள், வாயைத் துடைப்பாள், விரல் கட்டைப் பார்ப்பாள். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருப்பதே எனக்குப் பெரிய தண்டனையாக இருந்தது.

வீட்டுக்கு வந்த அன்று என்னைக் கட்டிலில் உட்கார வைத்து, தலையணையை முதுகுக்குச் சரிசெய்துகொண்டே கேட்டாள்.

"அண்ணன் கடைசியா உங்ககிட்ட ஏதாவது பேசினாரா?"

எனக்குச் சொல்வதற்கு எவ்வளவோ இருந்தது. கதவுக்கு அந்தப் பக்கம் வந்த விக்கல், வாசலில் நின்ற நிற்பு, முதுகில் குண்டுகளோடு திரும்பி நடந்த நடை. எல்லாவற்றையும் ஆதியிலிருந்து சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தேன்.

"சுருக்கமா சொல்லு மாப்ளன்னாரு" என்றேன்.

அவள் சிரித்துவிட்டாள். அத்தனை நாளில் முதல் சிரிப்பு. அப்படியே அது அழுகையாக உடைந்தது. என் சட்டையைப் பிடித்துக்கொண்டு, முகத்தை என் நெஞ்சில் புதைத்துக்கொண்டு கேட்டாள்.

"சொன்னீங்களா?"

"இல்ல" என்றேன்.